பெட்டியில் சொருகாத தழை

அத்தியாயம் பதினொன்று

கோவிந்தன் வரவில்லை.

ஏழு மணிக்கு வரவேண்டியவன். மணி ஏழே முக்கால். மரத்தடியில் வடத்தை இறக்கி வைத்தாகிவிட்டது. கைரம்பத்துக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது. ஏறுகிற ஆள்தான் இல்லை.

மரம் வெட்ட ஆள் வேண்டும் என்று டீக்கடையில் சத்தமாகச் சொன்னால் பத்துப் பேர் எழுந்து வருவார்கள். மேலே ஏறி உட்கார்ந்து, ஓட்டின் மேலும் கரண்ட் கம்பியின் மேலும் விழாமல், கிளை கிளையாக அறுத்துக் கயிற்றில் கட்டி இறக்கத் தெரிந்தவர்கள் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் தேடினாலும் ஐந்தாறு பேர்தான். அதில் முதல் ஆள் என் அப்பா வேம்புலி.

அவர் இனி மரம் ஏறக்கூடாது. காதுக்குள் ஏதோ கோளாறு, திடீர் திடீரென்று தலை சுற்றும் என்று டாக்டர் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. தரையில் நிற்கிறவனுக்குத் தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். முப்பதடி உயரத்தில் நிற்கிறவன் எதைப் பிடிப்பது? அம்மா அவரைத் திருவேற்காட்டு அம்மன் முன்னால் நிறுத்திக் கற்பூரத்தின் மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள்.

அப்பாவுக்கு அடுத்து ஏறவேண்டியவன் என் தம்பி உத்தமன். அவன் இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் கேபிள் டி.வி. நடத்துகிறவரிடம் ஒயர் இழுக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அங்கேயே ஒரு அறையில் படுத்துக்கொள்கிறான். அன்றிலிருந்து அம்மா அவன் பேரைச் சொல்வதில்லை. சோறு மட்டும் நாலு பேருக்கு வடிக்கிறாள்.

மிச்சம் நான். வசந்தகுமாரி, பி.எஸ்சி. தாவரவியல். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிக்குள் காலடி வைத்த முதல் ஆள். தூங்குமூஞ்சி மரத்தின் லத்தீன் பேர் எனக்குத் தெரியும். அதில் ஏறத் தெரியாது. அதனால் வேலை பிடிப்பது, மனு எழுதுவது, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவது, ஊர் ஜனத்தோடு மல்லுக்கட்டுவது எல்லாம் என் பாடு. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆம்பளைங்க யாரும் வரலையா?"

இன்றைய மரம் ஆரோக்கியசாமி வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற தூங்குமூஞ்சி. அதன் பெரிய கிளை ஒன்று காம்பவுண்டைத் தாண்டி, பின் தெருவில் போகிற கரண்ட் கம்பியை அணைத்துக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் லூர்தம்மாள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேலே போய்ப் படுத்திருந்தது. மழை ஆரம்பித்து ஒரு காற்று அடித்தால் போதும், கம்பியோடு கூரைக்கு வந்துவிடும்.

கம்பியை ஒட்டின வேலை என்றால் முதலில் கரண்டை நிறுத்தவேண்டும். அந்த ஒரு விஷயத்துக்கு மூன்று வாரம் அலைந்தேன். முதல் மனுவில் கம்பத்தின் நம்பர் போடவில்லை என்றார்கள். போட்டேன். மரத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வாங்கினேன். மூன்றாவது தடவை போனபோது, "சரிம்மா, உங்க வீட்ல அண்ணன் தம்பி யாரையாச்சும் வரச் சொல்லு, விவரமாப் பேசலாம்" என்றார் ஒருவர். "விவரமெல்லாம் நான்தான் எழுதியிருக்கேன், என்கிட்டயே பேசுங்க" என்று அந்த மேசை முன்னாலேயே நின்றேன். கடைசியில் இன்றைக்கு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை, மூன்று மணி நேரம் கொடுத்தார்கள்.

கொடுத்த நேரம் நெருங்கிவிட்டது. கோவிந்தன்தான் வரவில்லை.

"ஏம்மா, ஏறுத ஆளு எங்கம்மா?" ஆரோக்கியசாமி பனியனோடு வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடி ஃபேக்டரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ரிடையர் ஆனதும் இந்த வீட்டைக் கட்டியவர். "மழை வருதுன்னு ரேடியோல சொல்லிக்கிட்டே இருக்கான். நீங்க மரத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கீக."

"வந்துடுவான் சார்."

"எப்ப? கிறிஸ்துமஸுக்கா?"

சரியாக எட்டு மணிக்கு லைன்மேன் சண்முகசுந்தரம் சைக்கிளில் வந்தார். தெருமுனைக் கம்பத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதைத் திறந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"பத்திரம்மா. பதினோரு மணிக்கு வந்து நானே போடறேன். யார் கேட்டாலும் குடுக்காதே."

"என்கிட்டருந்து ஒருத்தரும் வாங்க முடியாது சார்."

"அது தெரியும்" என்று சிரித்துவிட்டு அடுத்த புகாருக்கு மிதித்துக்கொண்டு போனார்.

கட்டைகளைத் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். தோட்டத்துக்கு வந்தால் அப்பா இடுப்பில் கையை வைத்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிந்தன் ஊட்டுக்கு ஆள் அனுப்பலாமா?" என்றாள் அம்மா.

"அவன் எங்க கீறானோ" என்றார் அப்பா. "நேத்து அவன் பேச்சே சரியில்ல. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல யாரோ மேஸ்திரி கூப்பிட்டான்னு சொல்லிகினு இருந்தான்."

"அப்ப வேற தேதி வாங்கு."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "தேதி இன்னா கடையில தொங்குதாம்மா, கிள்ளிக் கொண்டாற? மூணு வாரம் நாயா அலைஞ்சேன். இன்னிக்கு வுட்டா அடுத்தது தீபாவளிக்கு அப்பறம்தான். அதுக்குள்ள மழை வந்து இந்தக் கிளை அந்தம்மா கூரை மேல வுழுந்தா யார் தலையில வுழும்? நம்ப தலையிலதான்."

சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அப்பா சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இன்னாய்யா பண்றே?" அம்மா குரல் மாறிவிட்டது.

"ஒரு கிளைதான்மே."

"அம்மன் முன்னால சத்தியம் பண்ணியே?"

"மரம் ஏற மாட்டேன்னு பண்ணேன். இது இன்னா மரமா? சாஞ்சி படுத்துகினு கீது. செருப்பு போட்டுகினே நடந்து போவலாம்."

"தமாசு பண்ணாதே."

"கன்னிம்மா, காத்தால இருந்து தலை சுத்தவே இல்ல. நீ கயித்தைப் புடி. நீ புடிச்சா எனக்கு இன்னா ஆவும்?"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு. நீ சொன்னா கேப்பாரு."

உண்மை. நான் "வேணாம் நைனா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சட்டையைத் திரும்பப் போட்டிருப்பார். மூன்று வாரம், மூன்று மனு, மேசை முன்னால் நின்ற கால்வலி எல்லாம் குறுக்கே வந்து நின்றன. நான் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை எடுத்தாள்.

எங்கள் தொழிலில் கயிறு பிடிக்கிறவள்தான் கீழே ராஜா. ஏறுகிறவன் இடுப்புக் கயிறு மேல் கவட்டை வழியாகப் போய்த் திரும்பக் கீழே வரும். அதை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி அம்மா பிடித்திருப்பாள். கிளையைக் கட்டி இறக்குகிற வடம் வேறு; இறக்குகிற நேரம் வரை அதன் மறுமுனை அடிமரத்தில் கட்டியிருக்கும். மேலே இருக்கிறவனோடு அம்மா மட்டும்தான் பேசலாம். பக்கத்தில் நிற்கிற ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. வீட்டுக்காரர் கலெக்டராக இருந்தாலும் சரி.

இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பியை ஒட்டி ஆள் ஏறுகிறார் என்றால், அந்த மரத்திலிருந்தே ஒரு கொத்துத் தழையை ஒடித்து பியூஸ் பெட்டியின் கதவில் சொருகிவைப்போம். மேலே ஆள் இருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். இறங்கின பிறகுதான் தழையை எடுக்கவேண்டும். எங்கள் வீட்டில் நாலு பேர், கோவிந்தன், லைன்மேன் சண்முகசுந்தரம் ஆகிய ஆறு பேரைத் தவிர இந்தச் சங்கதி யாருக்கும் தெரியாது. அம்மாதான் எப்போதும் சொருகுவாள். இன்றைக்கு அவள் அவசரமாகக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்ததால் என்னை அனுப்பினாள்.

கொத்தை ஒடித்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போகவில்லை.

பாதியிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குப் பாதிச் சட்டை இஸ்திரி போட்டபடி நிற்கிறது. ஒருவருக்கு மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லை. லுங்கி கட்டிய ஓர் இளைஞனுக்குக் கிரிக்கெட்.

"ஹலோ மேடம், எவ்ளோ நேரம்? மேட்ச் ஆரம்பிச்சிடும்."

"பதினோரு மணி."

"அதுக்குள்ள நாலு விக்கெட் போயிடும் மேடம்."

"நீ பாத்தா மட்டும் போவாம இருக்குமா?"

"ஆபீசர் யாரு? நீயா?" என்றார் இஸ்திரிக்காரர். "பொம்பளைப் புள்ளைகிட்ட பியூஸைக் குடுத்துட்டுப் போயிருக்கானே, அவனைச் சொல்லணும்."

நான் பதிலுக்கு நாலு வார்த்தை, அவர் எட்டு வார்த்தை. பேச்சு முடிந்தபோது என் கையில் தழை வாடித் தொங்கியது. மரத்தடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

கட்டை என் பையில் இருக்கிறது. கட்டை இல்லாமல் கரண்ட் எப்படி வரும்? பெட்டியில் தழை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? படித்த மூளை அப்படித்தான் கேட்டது. தழையைச் சாக்கடையில் எறிந்துவிட்டுத் திரும்பினேன்.

அப்பா முதல் கவட்டைக்கு ஏறியிருந்தார். அம்மா கண்ணைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் கேட்டாள்: "சொருகினியா?"

"ம்."

அப்பா ஏறுவதைப் பார்க்கிறவர்கள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று நம்பமாட்டார்கள். காலும் கையும் மாறி மாறி, அவசரமே இல்லாமல் போகும். பெரிய கிளையின் மேல் குதிரை மாதிரி உட்கார்ந்து, வடத்தைக் கட்டி, ரம்பத்தை வைத்தார். மரத்தூள் மஞ்சளாகக் கொட்டியது.

"அம்மாடி, அந்த வீட்ல ஆள் இருக்காவளே" என்றார் ஆரோக்கியசாமி என் காதருகில்.

லூர்தம்மாளைக் காலையிலேயே வெளியே வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. மதில் ஓரமாகச் சுற்றிப் பின் தெருவுக்கு ஓடினேன்.

"அக்கா, வெளிய வாங்கக்கா. கிளை உங்க கூரைக்கு நேரா மேல கீது."

"இன்னாம்மா வெளிய வாங்க? இத்த வந்து பாரு." கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒரே அறை. மாதா படம். சுவரோரம் பெரிய கிரைண்டர். அதைச் சுற்றி அண்டா அண்டாவாக ஊறின அரிசி. தெருவில் பாதி வீட்டுக்கு இட்லி மாவு இவர் கையால்தான். "ஒரு ஈடு பாதியில நிக்குது. மிச்சம் ஊறிகினு கீது. பதினோரு மணிக்கு மேல ஆட்டி, எப்ப புளிக்கறது, எப்ப விக்கறது? ஒரே ஒரு மணி நேரம் கரண்டைக் குடு. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"முடியாதுக்கா. எங்க நைனா மேல கீறாரு."

"ஒரு கட்டையை மட்டும் போடேன். மூணுல ஒண்ணு."

"அக்கா, அரிசி போனா வேற அரிசி ஊற வெச்சிக்கலாம். முதல்ல வெளிய வாங்க."

"நீ ஊற வெப்பியா?"

அப்போது கிரைண்டர் தானாகச் சுற்ற ஆரம்பித்தது.

லூர்தம்மாளின் முகம் மலர்ந்தது. "குடுத்துட்டியா? நல்லா இரும்மா!"

நான் பையைத் தொட்டுப் பார்த்தேன். மூன்று கட்டையும் உள்ளேதான் இருந்தன.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. தெருமுனையில் பெட்டிக் கதவு திறந்திருந்தது. அதன் முன்னால், தோளில் கறுப்புக் கேபிள் சுருளோடு, கையில் கட்டிங் பிளேயரோடு உத்தமன் நின்றான். என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

"யக்கா! நீ எங்க இங்க?"

"எட்றா! எட்றா அத்த! நைனா மேல கீறாருடா!"

அவன் முகம் வெளுத்தது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. கட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் தான் முறுக்கி வைத்திருந்த செம்புக் கம்பிகளைப் பிளேயரால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தான். இரண்டு பேரும் திரும்பி ஓடினோம்.

கிளை கம்பியைத் தாண்டி வருவதற்காக அப்பா வலது கையால் கம்பியை ஒதுக்கிப் பிடித்திருக்கிறார். செத்த கம்பி என்று நினைத்துத்தான். அந்த நேரத்தில் உயிர் வந்துவிட்டது.

நாங்கள் போகும்போது அவர் இடுப்புக் கயிற்றில் தலைகீழாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டு தொங்கினார். ஆரோக்கியசாமி ஒரு மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அம்மா இரண்டு குதிகாலையும் மண்ணில் புதைத்து, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கயிற்றைப் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் தாடை வரை வழிந்திருந்தது. அழவில்லை. கத்தவில்லை.

"கரண்டு போச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"போச்சும்மா."

கயிற்றைப் பிடிபிடியாக விட்டாள். உத்தமன் கீழே நின்று அப்பாவை ஏந்திக்கொண்டான்.

மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. வலது உள்ளங்கையைத்தான் பார்க்க முடியவில்லை. ஓரம் கறுத்து, நடுவில் வெள்ளையாக இருந்தது. உதடு நடுங்க ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"கிளை தொங்குது. முழுசா அறுக்கல. உள்ள அந்தம்மா கீது."

அண்ணாந்து பார்த்தோம். முக்கால்வாசி அறுபட்ட கிளை, பட்டையிலும் வடத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியசாமி அதற்குள் ஓர் ஆட்டோவைப் பிடித்துவிட்டார். நானும் அம்மாவும் ஏறப் போனோம். அப்பா இடது கையால் அம்மாவைத் தடுத்தார். "ரெண்டு கயித்துக்கு ரெண்டு ஆள் வேணும். இறக்கிட்டு வாங்க."

"நான் பாத்துக்கிடுதேம்மா. நீங்க முதல்ல அந்தக் கிளையைப் பாருங்க" என்றார் ஆரோக்கியசாமி. பனியனோடேயே ஏறி உட்கார்ந்து, அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆட்டோ போய்விட்டது.

அம்மா திரும்பி வந்தாள். உத்தமன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. இரண்டாவது. மூன்றாவதுக்குக் கையை ஓங்கிவிட்டு நிறுத்தினாள்.

"யாரு கையைவுட்டு நோண்டச் சொன்னது உன்னை?"

"கேபிள் பூஸ்டருக்குக் கரண்ட் வரலம்மா. மூணு தெருவுக்குப் படம் போச்சி. ஓனரு பாக்கச் சொல்லி அனுப்புனாரு. பெட்டியில கட்டை இல்ல. இந்தப் பக்கம் கட்டை களவு போறது புதுசா? அதான் கம்பி வெச்சேன்."

"கட்டை இல்லன்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாது?"

"கோவிந்தனை இப்பதான் ஓ.டி. டீக்கடையில பாத்துட்டு வரேன். அவன் அங்க கீறான். நைனாதான் ஏற மாட்டாரே. அப்ப யாரு மேல இருப்பா?" அவன் குரல் உடைந்தது. "அப்பிடியும் தழை கீதான்னு பாத்தேன்மா. தழை இல்லம்மா."

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "சொருகினேன்னு சொன்னியே?"

இந்த அம்பத்தூரில் அத்தனை ஜனம் இருக்கிறது. அந்தத் தழையைப் பார்த்தால் கையை எடுக்கக்கூடியவர்கள் ஆறு பேர். அதில் ஒருத்தன் அந்தப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, கதவைப் பார்த்துவிட்டுத்தான் கையை வைத்திருக்கிறான்.

"காத்துல விழுந்திருக்கும்" என்றேன்.

காலையிலிருந்து ஓர் இலை அசையவில்லை. உத்தமன் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் நான் திருடின வெல்லத்துக்கு அவன் அடி வாங்கியபோதும் இதே மாதிரிதான் பார்த்தான்.

"இருக்கும்மா" என்றான். "கீழ தேடல. தப்பு என்னுதுதான்."

"இனி ஊட்டு வாசல்ல கால் வெக்காதே" என்றாள் அம்மா. "உங்கப்பனைத் தூக்கிப் போட்டுட்டு கேபிளு ஒயர் இழுக்க வந்தே பாரு. போ. அங்கயே கெட."

அவன் போகவில்லை. கேபிள் சுருளைக் கழற்றித் தரையில் வைத்தான். பேன்ட்டை முழங்கால் வரை மடித்தான். அப்பாவின் இடுப்பிலிருந்து அவிழ்த்த கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அம்மா அந்தக் கயிற்றைத் தொடவில்லை. கிளை வடத்தை எடுத்துக்கொண்டு, "இவன் கயித்தை நீ புடி" என்று என்னிடம் சொன்னாள்.

நான் அதுவரை ஓர் ஆளின் கயிற்றைப் பிடித்ததில்லை. அடிமரத்தில் இரண்டு சுற்று. இடது கை மேலே, வலது கை இடுப்பு ஓரம். பார்த்துப் பார்த்துப் பழகினதுதான். பார்ப்பது வேறு. அவன் ஒவ்வொரு அடி ஏறும்போதும் கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது.

"புடிச்சிருக்கியா?" மேலேயிருந்து கத்தினான்.

"புடிச்சிருக்கேன்."

"தெரிஞ்சிருந்தா போயிருக்கவே மாட்டேன்க்கா." கிளை மேல் உட்கார்ந்து ரம்பத்தை வைத்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சொன்னானா, அம்மாவுக்குச் சொன்னானா தெரியவில்லை. "அவரு ஏறுவாருன்னு தெரிஞ்சிருந்தா."

அம்மா மேலே பார்க்கவில்லை. வடத்தை மட்டும் பார்த்தாள். உதட்டு ரத்தம் காய்ந்து போயிருந்தது.

என் கையில் தொங்குகிற உயிர் என் பொய்யைச் சுமந்துகொண்டு மேலே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கலாம். கிளை இறங்கட்டும் என்று இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அம்மா. தழையை நான் சொருகல. வழியிலயே எறிஞ்சிட்டேன். பொய் சொன்னேன்."

"இப்ப எதுக்குக்கா அத்தச் சொல்றே!" உத்தமன் மேலேயிருந்து அலறினான். "அவங்க கையில கிளை கீதுக்கா!"

அம்மாவின் முதுகு ஒரு தடவை விறைத்தது. வடம் நழுவவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை.

"அறுடா" என்றாள்.

இரண்டு வாரத்தில் மகனிடம் அவள் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அது. ரம்பம் இழுத்தது. பட்டை கிழிகிற சத்தம் கேட்டது. அத்தனை பெரிய கிளை ஒரு சாண் கீழே இறங்கி, வடத்தில் நின்று, தொட்டில் மாதிரி ஆடியது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். கம்பியை ஒட்டி, கூரையை ஒட்டி, ஒரு ஷீட்கூட உடையாமல் பின் தெரு மண்ணில் வந்து படுத்தது.

அம்மா வடத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "நவுரு" என்றாள். என் கையிலிருந்து உத்தமன் கயிற்றை வாங்கி அவனைத் தானே இறக்கினாள். அவன் தரையைத் தொட்டதும் முந்தானையால் அவன் கழுத்து மரத்தூளைத் துடைத்தாள். அறைந்த கன்னத்தில் விரல்தடம் இன்னும் இருந்தது. அதையும் துடைத்தாள், ஏதோ துடைத்தால் போய்விடும் என்பது போல.

என் பக்கம் பார்க்கவில்லை.

ஆட்டோ திரும்பி வந்தது. ஆரோக்கியசாமி மட்டும் இறங்கினார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லம்மா. கர்த்தர் காப்பாத்திட்டாரு. கைதான்…" நிறுத்தினார். "ரெண்டு விரலை எடுக்கணும்னாலும் எடுப்போம்ங்காரு டாக்டரு. உடனே ஆபரேஷன். வீட்டு ஆளு வந்து கையெழுத்துப் போடணுமாம்."

நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தேன். எங்கள் வீட்டில் எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்துதான் இருக்கும். ரேஷன் கார்டு மனுவிலிருந்து கரண்ட் ஆபீஸ் மனு வரைக்கும்.

"நீ இரு" என்றாள் அம்மா. "உத்தமன் போடுவான்."

"அம்மா, அவனுக்கு அதெல்லாம் படிச்சி…"

"படிச்சிப் போட்டதெல்லாம் போதும்."

இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். உத்தமன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் முழங்கால் மேல் கையை வைத்து அழுத்தினாள்.

"நாளைலருந்து நீ வேலைக்கு வரவேணாம்" என்றாள், நேராக முன்னால் பார்த்துக்கொண்டு.

"எத்தினி நாளைக்கு?"

டிரைவர் லீவரை இழுத்து ஸ்டார்ட் செய்தார். பதில் வந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

பதினோரு மணிக்குச் சண்முகசுந்தரம் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "என்னம்மா, முடிஞ்சுதா? நல்லபடியா?" என்றார். கட்டைகளை எடுத்துக் கொடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் ஒவ்வொன்றாகப் பெட்டியில் பொருத்தினார். கரண்ட் வந்தது. தெரு முழுவதும் பிள்ளைகள் "ஹே!" என்று கத்தினார்கள். லுங்கி இளைஞன் மாடியிலிருந்து எனக்குக் கைதட்டினான். லூர்தம்மாள் வாசலுக்கு வந்து, மாவுக் கையோடு கும்பிட்டார்.

நான் வடத்தைச் சுருட்ட ஆரம்பித்தேன்.